ஸ்விட்ச் மாற்றியபின் தவறான விலேனில் விழுந்த அலுவலகக் கணினிகள்: அப்லிங்க் போர்ட்டில் டேக் பொருந்தாத ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியில் உள்ள ஒரு நூற்பாலையில் நடந்தது இது. ஆலையில் இரண்டு முக்கியக் கட்டடங்கள். ஏ பிளாக்கில் நிர்வாக அலுவலகம், சர்வர் அறை, மைய ஸ்விட்ச், ஃபயர்வால் ஆகியவை இருக்கின்றன. பி பிளாக்கில் பேக்கிங் பிரிவும் குடோனும் ஒரு சிறிய அலுவலகமும் உள்ளன. இரண்டையும் ஒரே ஒரு ஃபைபர் இணைக்கிறது. மைய ஸ்விட்ச் சிஸ்கோ தயாரிப்பு. ஃபயர்வாலாக இயங்குவது ஒரு லினக்ஸ் பெட்டி. அதற்கு உள்பக்கம் ஒரே கேபிள்தான். ஈத்0 என்ற அந்தத் தாய் இன்டர்ஃபேஸுக்கு ஐபி முகவரி கிடையாது. அதன்மேல் ஈத்0.10, ஈத்0.20 என்று விலேனுக்கு (அதே ஸ்விட்ச், கேபிள்களுக்குள் பிரித்து வைக்கும் தனி வலை) ஒன்றாகத் துணை இன்டர்ஃபேஸ்கள் அமைத்து, ஒவ்வொன்றிலும் டிஎச்சிபி (கருவிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் சேவை) வைத்திருந்தார்கள்.

விலேன் பிரிவினை இது:

விலேன் 10: அலுவலகக் கணினிகள், பிரின்டர், வருகைப் பதிவு மெஷின், சர்வர்கள் (192.168.10.0/24)
விலேன் 20: கேமராக்கள்
விலேன் 30: ஐபி போன்கள்
விலேன் 40: விருந்தினர் வைஃபை
விலேன் 99: ஸ்விட்ச், வைஃபை ஆக்சஸ் பாயின்ட் ஆகியவற்றின் நிர்வாகம் (192.168.99.0/24)

இரு கட்டடங்களையும் இணைக்கும் ஃபைபரில் 10, 20, 30, 40 நான்கும் டேக்குடனும் (ஃபிரேம் எனும் தரவுத் துண்டில் விலேன் எண்ணைச் சொல்லும் குறி) 99 டேக் இல்லாமலும் போய்வந்தன. மைய ஸ்விட்சின் 23ஆம் போர்ட்டில் 99 நேட்டிவ் விலேன், அதாவது டேக் இல்லாமல் போய்வரும் விலேன். பழைய பி பிளாக் ஸ்விட்சிலும் அப்படியே. இரு முனையும் ஒத்துப்போனதால் பல ஆண்டுகளாக யாரும் அதைத் தொடவில்லை.

இதில் பின்னால் முக்கியமாகப் போகும் இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, விலேன் 99இல் டிஎச்சிபி வழங்கும் முகவரிகள் 100 முதல் 119 வரை, மொத்தம் 20. ஏ பிளாக்கின் 7 ஆக்சஸ் பாயின்ட்களும் இதிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. இன்னொன்று, ஃபயர்வாலில் 99இலிருந்து எந்த விலேனுக்கும் போகலாம் என்று ஒரே வரியில் அனுமதி கொடுத்திருந்தார்கள்.

ஸ்விட்ச் மாற்றம்

சனிக்கிழமை மாலை மின்னழுத்த ஏற்றத்தில் பி பிளாக் ஸ்விட்ச் போய்விட்டது. அதே மாடல் உடனே கிடைக்காததால், வேறு நிறுவனத்தின் 24 போர்ட் பிஓஇ (கேபிள் வழியே மின்சாரமும் தரும்) ஸ்விட்ச் ஒன்றை வெளியிலிருந்து வந்த டெக்னீஷியன் ஞாயிறு காலை பொருத்தினார். பழைய ஸ்விட்சின் கான்ஃபிக் பேக்கப் இருந்தது. ஆனால் வேறு தயாரிப்பில் அதை ஏற்ற முடியாது. அவர் கையில் இருந்த ஒரே ஆவணம் ரேக் கதவில் ஒட்டியிருந்த போர்ட் தாள். அதில் அப்லிங்குக்கு (மைய ஸ்விட்சுக்குப் போகும் இணைப்புக்கு) எழுதியிருந்தது இவ்வளவுதான்: "போர்ட் 24, ட்ரங்க், 10, 20, 30, 40, 99". ட்ரங்க் என்பது இங்கே பல விலேன்களைச் சுமக்கும் போர்ட். இந்த ஐந்தில் எது டேக் இல்லாமல் போகிறது என்ற குறிப்பு இல்லை.

புதிய ஸ்விட்சின் வெப் பக்கத்தில் விலேன் உறுப்புரிமைக்கு ஒரு திரை, பிவிஐடிக்கு (டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃபிரேமுக்குப் போர்ட் கொடுக்கும் விலேன் எண்) இன்னொரு திரை. டெக்னீஷியன் முதலில் 1 முதல் 21 வரையும் 24ஐயும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து விலேன் 10இல் அன்டேக்டாக (டேக் இல்லாமல் வெளியேறும்படி) சேர்த்தார். பிவிஐடியும் 10 ஆயிற்று. பிறகு 13, 14, 15 போர்ட்களை ஆக்சஸ் பாயின்ட்களுக்காக 99 அன்டேக்டு, 10 மற்றும் 40 டேக்டு என மாற்றினார். 16 முதல் 21 வரை கேமராக்களுக்காக 20 அன்டேக்டு. போன்களுக்காக 1 முதல் 12 வரையுள்ள போர்ட்களில் 30 டேக்டு. கடைசியாக 24ஆம் போர்ட்டில் 20, 30, 40, 99 நான்கையும் டேக்டாகச் சேர்த்தார். விலேன் 10இன் வரிசையில் 24ஆம் போர்ட் ஏற்கெனவே உறுப்பினர் என்று காட்டியதால் அதைத் திரும்பப் பார்க்கவில்லை. அங்கே இருந்தது "யூ" என்ற எழுத்து, அதாவது அன்டேக்டு. "டி" இருந்திருக்க வேண்டும்.

22, 23 போர்ட்கள் தொழிற்சாலை அமைப்பான விலேன் 1இலேயே இருந்தன. ஸ்விட்சின் சொந்த நிர்வாக முகவரியும் (192.168.99.12) விலேன் 1இலேயே இருந்தது. விலேன் 1 அப்லிங்கில் இல்லை. ஆகவே நெட்வொர்க் வழியாக அந்த ஸ்விட்சை எட்டவே முடியாது. அன்று அந்த முகவரிக்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டிருந்தால் இதாவது தெரிந்திருக்கும்.

சோதனை செய்யாமல் விடவில்லை. லேப்டாப்பை 5ஆம் போர்ட்டில் செருகினார், முகவரி வந்தது, இணையம் திறந்தது. கேமரா படங்கள் ரெக்கார்டரில் தெரிந்தன. போன் அடித்தது. விருந்தினர் வைஃபை வேலை செய்தது. வேலை முடிந்ததாகக் கையெழுத்தும் ஆயிற்று. லேப்டாப்புக்கு வந்த முகவரி 192.168.99.113. எண்ணை யாரும் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காணப்பட்டவை

காலை ஷிப்ட் தொடங்கியதும் புகார்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்த வரிசையே குழப்பத்துக்கு ஒரு காரணம்.

முதல் புகார் வருகைப் பதிவு மெஷின். சம்பளப் பிரிவுக் கணினியிலிருந்து பி பிளாக் மெஷினை (நிலையான முகவரி 192.168.10.61) எட்ட முடியவில்லை. மின்னழுத்தம் ஏறிய இடத்தில் இருந்த பொருள் என்பதால், போர்டு போயிருக்கும் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். சர்வீஸுக்கு அனுப்பக் கழற்றியும் விட்டார்கள்.

அடுத்தது பி பிளாக் பிரின்டர்கள் இரண்டும் அச்சிடவில்லை என்பது. அதன்பின், ஏ பிளாக் சர்வரில் உள்ள கணக்கு மென்பொருள் பி பிளாக்கில் மட்டும் மந்தமாக இருக்கிறது என்றார்கள். ஒன்பதரை மணிவாக்கில் பேக்கிங் பிரிவின் பார்கோடு ஸ்கேனர்களில் நான்கு வேலை செய்தன, ஐந்தாவது வைஃபையில் சேர்ந்தும் முகவரி பெறவில்லை. பி பிளாக்கின் மூன்று ஆக்சஸ் பாயின்ட்களும், அவற்றை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் "தொடர்பு இல்லை" என்று சிவப்பில் நின்றன. ஆனால் அவற்றின் வைஃபை பெயர்கள் ஒலிபரப்பாகிக்கொண்டுதான் இருந்தன.

மறுபக்கம், கேமரா சரி, போன் சரி, விருந்தினர் வைஃபை சரி, பி பிளாக் கணினிகளில் இணையம் சரி. ஃபைபரோ அப்லிங்கோ பழுது என்று நினைக்க இடமே இல்லை. இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் அதே கம்பியில் நலமாக ஓடுகின்றன.

திருப்பம் தற்செயலாக வந்தது. சர்வீஸுக்குக் கட்டி அனுப்பும் முன், வருகைப் பதிவு மெஷினை ஏ பிளாக்கில் ஒரு பாயின்ட்டில் செருகிப் பார்த்தார்கள். உடனே வேலை செய்தது. திரும்ப பி பிளாக்கில் செருகியதும் எட்டவில்லை. மெஷின்மேல் இருந்த சந்தேகம் அத்தோடு நீங்கியது.

கண்டுபிடித்த வழி

நெட்வொர்க் பொறுப்பாளர் பி பிளாக் ஊழியர் ஒருவரிடம் கணினியின் முகவரியைப் படிக்கச் சொன்னார். 192.168.99 என்று தொடங்கியது. யாரோ ஒரு வீட்டு ரவுட்டரைச் செருகி அது முகவரி வழங்குகிறதோ என்பதுதான் முதல் ஐயம். இந்த ஐயத்தைத் தீர்ப்பது எளிது. முகவரி வழங்கிய டிஎச்சிபி சர்வர் எது என்பதைக் கணினியே காட்டும். அது 192.168.99.1 என்றது, அதாவது ஆலையின் சொந்த ஃபயர்வால். வழங்கியவர் சரியான ஆள்தான், வாங்கியவர்தான் தவறான வாசலில் நிற்கிறார்.

அடுத்துப் பார்த்தது மைய ஸ்விட்சின் மேக் முகவரி அட்டவணை, அதாவது எந்தக் கருவியின் வன்பொருள் முகவரி எந்தப் போர்ட்டில், எந்த விலேனில் என்ற பட்டியல். இந்த மாதிரிச் சிக்கலில் முதலில் திறக்க வேண்டிய இடம் இதுதான். போர்ட் 23 வழியாகக் கற்ற முகவரிகளை விலேன் வாரியாகப் பார்த்தபோது, கேமராக்கள் 20இலும் போன்கள் 30இலும் இருந்தன. பி பிளாக்கின் அலுவலகக் கணினிகள், பிரின்டர்கள், வருகைப் பதிவு மெஷின் எல்லாம் 99இல் இருந்தன. 10இல் ஒன்றுகூட இல்லை.

உறுதி செய்ய ஃபயர்வாலில் டிசிபிடம்ப் (இன்டர்ஃபேஸில் போய்வரும் ஃபிரேம்களைக் காட்டும் கருவி) ஓட்டினார்கள். இதில் மூன்று நுட்பங்கள். துணை இன்டர்ஃபேஸில் கேட்டால் டேக் கழற்றப்பட்ட பின்னர்தான் ஃபிரேம் கிடைக்கும், ஆகவே தாய் இன்டர்ஃபேஸான ஈத்0இல் கேட்க வேண்டும். விலேன் எண் திரையில் தெரிய, இரண்டாம் அடுக்குத் தலைப்பைக் காட்டும் விருப்பத்தையும் (சிறிய "ஈ") கொடுக்க வேண்டும். வடிகட்டியில் விலேன் என்ற சொல் முதலிலும் ஏஆர்பி (ஒரு ஐபி முகவரி எந்த மேக்கில் என்று கேட்கும் நெறிமுறை) என்பது அதன்பிறகும் வர வேண்டும். விலேன் என்ற சொல்லைத் தாண்டிய பிறகுதான் அந்தக் கருவி நான்கு பைட் தள்ளிப் படிக்கத் தொடங்கும். மாற்றி எழுதினால் எதுவும் பிடிபடாது, அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று எண்ணத் தோன்றும்.

வருகைப் பதிவு மெஷினுக்கு ஏ பிளாக்கிலிருந்து பிங் போட்டபடி கேட்டபோது கிடைத்தவை இரண்டு வரிகள். கேள்வி: "192.168.10.61 யாரிடம்?", விலேன் 10. பதில்: "192.168.10.61 இந்த மேக்கில்", விலேன் 99. பத்தாம் விலேனில் கேட்ட கேள்விக்குத் தொண்ணூற்றொன்பதாம் விலேனில் பதில் வருகிறது. இதற்குமேல் ஆதாரம் வேண்டியதில்லை.

கம்பியில் உண்மையில் நடந்தது

802.1க்யூ தரத்தில் டேக் என்பது ஈதர்நெட் ஃபிரேமில் அனுப்புநரின் மேக் முகவரிக்கு அடுத்துச் செருகப்படும் நான்கு பைட். முதல் இரண்டு பைட் ஹெக்ஸாடெசிமல் 8100, இங்கே டேக் இருக்கிறது என்பதற்கான அடையாளம். அடுத்த இரண்டில் மூன்று பிட் முன்னுரிமைக்கு, ஒரு பிட் நெரிசலில் முதலில் கைவிடலாம் என்று குறிக்க, மீதி 12 பிட் விலேன் எண்ணுக்கு. 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை. ஆகவே 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம்.

டேக் இல்லாத ஃபிரேமில் எந்த விலேன் என்ற செய்தியே கிடையாது. அதைப் பெறும் போர்ட் தன் பிவிஐடியைப் பார்த்துத்தான் விலேன் ஒதுக்குகிறது. அனுப்பிய முனை அதை எந்த விலேனிலிருந்து எடுத்தது என்பது பெறும் முனைக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் அந்த ஃபிரேமுக்குள் இல்லை. உறுப்புரிமை வெளியே போவதைத் தீர்மானிக்கிறது: இந்த விலேன் இந்தப் போர்ட்டில் டேக்குடன் போகுமா, இல்லாமல் போகுமா. பிவிஐடி உள்ளே வருவதைத் தீர்மானிக்கிறது. இரண்டும் தனித்தனி அமைப்புகள் என்பதால் ஒன்றை மாற்றி மற்றதை விட்டுவிட ஸ்விட்ச் அனுமதிக்கும்.

பி பிளாக்கிலிருந்து விலேன் 10 ஃபிரேம் அப்லிங்கில் டேக் இல்லாமல் வெளியேறியது. மைய ஸ்விட்சின் போர்ட் 23 அதைத் தன் நேட்டிவ் விலேன் 99 என்று எடுத்துக்கொண்டது. திரும்பும் வழியில் மையத்தின் 99 டேக் இல்லாமல் வந்தது. பி பிளாக் அதை 10இல் போட்டது. இரு விலேன்களும் ஃபைபரின் நடுவே ஒட்டிக்கொண்டன. அலுவலகக் கணினி முகவரி கேட்டுக் கூவியது 99இன் காதில் விழுந்தது. 99 முகவரி கொடுத்தது. 99இலிருந்து எங்கும் போகலாம் என்பதால் சர்வரும் இணையமும் திறந்தன. நேராக ஸ்விட்சுக்குள் போக வேண்டிய சர்வர் போக்குவரத்து எல்லாம் ஃபயர்வாலின் ஒற்றைக் கேபிளில் 99ஆக ஏறி 10ஆக இறங்கியது. கணக்கு மென்பொருள் மந்தமானது அதனால்தான்.

நிலையான முகவரி வைத்த கருவிகளின் கதை வேறு. மையத்திலிருந்து விலேன் 10 டேக்குடன்தான் வந்தது. பி பிளாக்கின் 24ஆம் போர்ட் விலேன் 10இன் உறுப்பினர் என்பதால் டேக் இருந்தும் ஏற்றுக்கொண்டது. ஆக வருகைப் பதிவு மெஷினுக்குக் கேள்வி போய்ச் சேர்ந்தது. அதன் பதில்தான் டேக் இல்லாமல் கிளம்பி 99இல் போய் விழுந்தது. ஒருவழிப் பாதை. போன போக்குவரத்து ஒரு விலேன், வந்தது இன்னொரு விலேன். பிரின்டர்களுக்கும் இதே நிலை. 99 முகவரி வாங்கிய கணினி பிரின்டரைத் தேடி ஃபயர்வாலுக்குப் போகும். ஃபயர்வால் ஈத்0.10 வழியாகக் கேட்கும். பதில் ஈத்0.99இல் வந்து சேரும். லினக்ஸ் அதைத் தான் கேட்டதற்கான பதிலாகக் கொள்ளாது.

ஆக்சஸ் பாயின்ட்களில் இது தலைகீழ். அவற்றின் 99 ஃபிரேம் பி பிளாக்கிலிருந்து டேக்குடன் போய் மையத்தில் சரியாக 99இலேயே சேர்ந்தது. டிஎச்சிபி சர்வர் பதிலும் கொடுத்தது. அந்தப் பதில் நேட்டிவ் என்பதால் டேக் இல்லாமல் இறங்கி, பி பிளாக்கில் 10க்குள் போயிற்று. சர்வர் லாகில் ஞாயிறு முழுக்க ஒரே கருவியிடமிருந்து முகவரி கேட்கும் டிஸ்கவர், அதற்கு ஆஃபர், மறுபடி டிஸ்கவர், மறுபடி ஆஃபர். ஆஃபரை ஏற்கும் ரிக்வெஸ்ட் வரவே இல்லை. லாகில் இந்த அமைப்பைக் கண்டால் போகும் வழி நன்றாக இருக்கிறது, வரும் வழி கெட்டிருக்கிறது என்று பொருள். டேக் பொருந்தாமை அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஸ்கேனர் கணக்கும் இத்துடன் பொருந்துகிறது. 20 முகவரியில் ஏ பிளாக் ஆக்சஸ் பாயின்ட்கள் 7, பி பிளாக் கணினிகள் 9, முதல் நான்கு ஸ்கேனர்கள் 4. ஐந்தாவதுக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்தத் தொகுப்பு 200 முகவரியாக இருந்திருந்தால் பேக்கிங் பிரிவிலிருந்து புகாரே வந்திருக்காது.

இரு முனையும் சிஸ்கோவாக இருந்து சிடிபி (சிஸ்கோ கருவிகள் அண்டைக் கருவிக்குத் தம்மை அறிவிக்கும் நெறிமுறை) இயங்கியிருந்தால் நேட்டிவ் விலேன் பொருந்தவில்லை என்று லாகில் எச்சரிக்கை வந்திருக்கும். பிவிஎஸ்டி பிளஸ் ஸ்பானிங் ட்ரீ (ஸ்விட்ச்களுக்கு இடையே சுழல் பாதை உருவாகாமல் தடுக்கும் நெறிமுறையின் சிஸ்கோ வடிவம்), பொருந்தாத விலேன்களைப் போர்ட்டில் தடுத்தும் இருக்கும். இவை ஒரு தயாரிப்பாளரின் வசதிகள். வேறு தயாரிப்புடன் இணையும்போது இவற்றை நம்ப முடியாது.

முதல் முடிவு: தற்காலிகத் தீர்வு

பதினொன்றரை மணி. நெட்வொர்க் பொறுப்பாளர் ஏ பிளாக்கில். பி பிளாக்கில் இருந்தவர் எலக்ட்ரீஷியன் மட்டும். மூன்று வழிகள் பேசப்பட்டன.

பி பிளாக் ஸ்விட்சைச் சரிசெய்வதுதான் முறை. ஆனால் அதை நெட்வொர்க்கில் எட்ட முடியாது, லேப்டாப்புடன் நேரில் போய் 22ஆம் போர்ட்டில் செருக வேண்டும். இரண்டாவது வழி, மையத்தின் போர்ட் 23இல் நேட்டிவ் விலேனை 10 என்று மாற்றுவது. ஒரே கட்டளை. பி பிளாக் 10ஐ டேக் இல்லாமல் அனுப்புகிறது, மையம் 10ஆகவே எடுத்துக்கொள்ளும். 99 இரு முனையிலும் டேக்குடன் போகும், ஆக்சஸ் பாயின்ட்களும் எழும். மூன்றாவது, மாலை வரை அப்படியே விடுவது. அலுவலகக் கணினிகள் எல்லாம் ஸ்விட்ச்களின் நிர்வாக வலையில் உட்கார்ந்திருக்கும் நிலையில் இது ஏற்கப்படவில்லை.

இரண்டாவது வழியை எடுத்தார்கள், மாலைவரை மட்டும் என்ற வரையறையோடு. அலுவலக விலேன் ஸ்விட்ச்களுக்கு இடையே டேக் இல்லாமல் போவது நல்லதல்ல. நேட்டிவ் விலேனில் உள்ள ஒரு கணினி, ஃபிரேமில் இரண்டு டேக் வைத்து அனுப்பினால் முதல் டேக் அப்லிங்கில் கழன்று, இரண்டாவது டேக்கில் உள்ள விலேனுக்குள் அது நுழைந்துவிட முடியும். சில மணி நேரத்துக்கு அந்த ஆபத்தை ஏற்கலாம், நிரந்தரமாக அல்ல.

கட்டளை கொடுத்ததும் கணினிகள் சரியாகிவிடாது. அவற்றிடம் 99 முகவரி இன்னும் இருக்கிறது. குத்தகைக் காலம் (கொடுத்த முகவரி செல்லுபடியாகும் நேரம்) 8 மணி நேரம், பாதிக் காலம் கழிந்த பிறகே புதுப்பிக்கக் கேட்கும். லிங்க் அறுந்து மீண்டால்தான் உடனே கேட்கும். மையத்தின் போர்ட் 23ஐ அணைத்துப் போட்டால் பி பிளாக் ஸ்விட்சின் அப்லிங்க் மட்டும்தான் அறும், கணினிகளின் போர்ட்களில் எந்த அசைவும் இருக்காது. பி பிளாக் ஸ்விட்சையே அணைத்துப் போடலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னது இயல்பான யோசனை. ஆனால் பல வெப் ஸ்விட்ச்களில் "அப்ளை" என்பதும் "சேவ்" என்பதும் வேறு. அப்ளை மட்டும் செய்திருந்தால் மின்சாரம் போனதும் அமைப்பு முழுக்க அழியும். தொலைபேசியில் கேட்டபோது டெக்னீஷியனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே ஸ்விட்சைத் தொட வேண்டாம், ஒவ்வொரு கணினியின் கேபிளையும் கழற்றிப் பத்து விநாடி கழித்துச் செருகுங்கள் என்று முடிவாயிற்று. போனுக்குப் பின்னால் இணைத்த கணினிகளுக்கு, போனின் கேபிளை அல்ல, கணினியின் கேபிளையே கழற்றச் சொன்னார்கள். தனி அடாப்டரில் ஓடும் போனின் சுவர்ப்பக்கக் கேபிளைக் கழற்றினால் கணினிக்கு லிங்க் அறுந்தது தெரியவே தெரியாது.

கணினிகள் பழைய 99 முகவரியையே மறுபடி கேட்டன. டிஎச்சிபி சர்வரில் "ஆத்தரிட்டேட்டிவ்" அமைப்பு இருந்ததால் அது மறுத்து, 10இல் புதிய முகவரி கொடுத்தது. அந்த அமைப்பு இல்லாத சர்வர் வாய்மூடி இருந்துவிடும், கணினி தடுமாறும்.

ஆக்சஸ் பாயின்ட்கள் இன்னும் எழவில்லை. கணினிகள் விட்டுப்போன குத்தகைகள் சர்வர் கணக்கில் உயிரோடு இருந்ததால் 99இல் காலி முகவரி இல்லை. குத்தகைக் கோப்பைத் திருத்துவதைவிட, தொகுப்பை 139 வரை நீட்டுவது பாதுகாப்பு என்று அதைச் செய்தார்கள். சில நிமிடங்களில் மூன்றும் கன்ட்ரோலரில் பச்சையாயின. பிறகு அவற்றை அங்கிருந்தே மறுதொடக்கம் செய்ததும் ஸ்கேனர்களும் 10இல் முகவரி பெற்றன. வருகைப் பதிவு மெஷினைத் திரும்ப மாட்டியதும் வேலை செய்தது.

மாலை வேலை: நிரந்தரத் திருத்தம்

அலுவலக நேரம் முடிந்தபின் ஒருவர் பி பிளாக் ரேக்கில் லேப்டாப்புடன், ஒருவர் மைய ஸ்விட்சில் கன்சோல் கேபிளுடன் (நெட்வொர்க் இல்லாமலே ஸ்விட்சோடு நேரடியாகப் பேச உதவுவது), போனில் பேசியபடி வேலை செய்தார்கள். நோக்கம் ஒன்றுதான்: ஸ்விட்சுக்கும் ஸ்விட்சுக்கும் இடையே எந்த விலேனும் டேக் இல்லாமல் போகக் கூடாது.

பி பிளாக்கில் முதலில், இருக்கிற அமைப்பைச் சேவ் செய்து, கோப்பாகவும் இறக்கிக்கொண்டார்கள். அதுவரை அது சேவ் செய்யப்படாமல்தான் இருந்தது. கேபிள் கழற்றும் முடிவு வீண்போகவில்லை.

அடுத்து 24ஆம் போர்ட்: 10ஐ டேக்டாக மாற்றினார்கள். எங்கும் பயன்படாத விலேன் 999ஐ உருவாக்கிப் பிவிஐடியை 999 ஆக்கினார்கள். ஏற்கும் ஃபிரேம் வகையை "டேக் உள்ளவை மட்டும்" என்றும் உள்வரும் வடிகட்டலை இயங்கும்படியும் வைத்தார்கள். நிர்வாக விலேனை இந்தக் கட்டத்தில் மாற்றவில்லை. லேப்டாப் விலேன் 1 வழியாக உள்ளே இருக்கும்போது நிர்வாக விலேனை 99 என்று மாற்றினால் அந்தக் கணமே லேப்டாப் வெளியே தள்ளப்படும். ஆகவே அது கடைசிக்கு.

மையத்தின் போர்ட் 23இல் நேட்டிவ் விலேனை 999 ஆக்கினார்கள். அனுமதிப் பட்டியலில் 10, 20, 30, 40, 99 ஏற்கெனவே இருந்தன, 999 இல்லை. இல்லாததுதான் வேண்டும், டேக் இல்லாமல் வரும் தரவு ஃபிரேம் அங்கே விழுந்துவிடும். பட்டியலைத் தொட அவசியமில்லை என்பதால் தொடவில்லை. சிஸ்கோவில் அந்தக் கட்டளையில் "ஆட்" என்ற சொல்லை விட்டு ஒரு விலேன் எண்ணைக் கொடுத்தால், பட்டியல் முழுவதும் அழிந்து அந்த ஒரு எண் மட்டும் மிஞ்சும். கன்சோல் கேபிளை எடுத்துப் போனது அதற்காகவும்தான். குறித்த நிமிடத்தில் ஸ்விட்ச் தானே மறுதொடக்கம் ஆகும்படி வைத்துவிட்டு வேலை செய்யும் வழக்கமும் உண்டு. கேமராப் பதிவு முழு ஆலைக்கும் நின்றுபோகும் என்பதால் இங்கே அதைச் செய்யவில்லை.

இரண்டு மாற்றத்துக்கும் இடையே பி பிளாக் அலுவலக விலேன் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக நின்றது. முகவரிகள் 10இலேயே இருந்ததால் யாரும் கேபிளைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. இறுதியாக நிர்வாக விலேனை 99க்கு மாற்றி, ஏ பிளாக்கிலிருந்து 192.168.99.12ஐத் திறந்து, மறுபடி சேவ் செய்தார்கள்.

சரிபார்த்தவை: மைய ஸ்விட்சின் மேக் அட்டவணையில் போர்ட் 23இன் ஒவ்வொரு முகவரியும் தாளில் உள்ள விலேனில் இருக்கிறதா என்பது. அந்தப் போர்ட்டை மிரர் செய்து (அதன் போக்குவரத்தை இன்னொரு போர்ட்டுக்கு நகலெடுத்து) ஒரு லினக்ஸ் லேப்டாப்பில், டேக் இல்லாத ஃபிரேம்களை மட்டும் ஐந்து நிமிடம் கேட்டது. எல்எல்டிபியும் (சிடிபி போன்றதே, ஆனால் எல்லாத் தயாரிப்புகளுக்கும் பொதுவானது) ஸ்பானிங் ட்ரீயும் தவிர எதுவும் வரவில்லை. விண்டோஸ் லேப்டாப்பை இதற்கு எடுக்காததற்குக் காரணம் உண்டு. பல நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் டேக்கைக் கழற்றிவிட்டே மேலே கொடுக்கும், எல்லா ஃபிரேமும் டேக் இல்லாதது போலத் தோன்றும். கடைசியாக, துண்டாக்கக் கூடாது என்ற குறியுடன் 1472 பைட் பிங். டேக்குடன் ஃபிரேம் 1518இலிருந்து 1522 பைட் ஆகிறது, நடுவில் ஏதும் அதை மறுக்கவில்லை என்று தெரிந்துகொள்ள.

பின்னர் மாறியவை

போர்ட் தாளில் "ட்ரங்க்" என்ற பத்தி நீக்கப்பட்டது. இப்போது ஒவ்வொரு போர்ட்டுக்கும் அன்டேக்டு விலேன், பிவிஐடி, டேக்டு விலேன்கள் என்று தனித்தனிப் பத்திகள். ட்ரங்க் என்றால் சில தயாரிப்புகளில் பல லிங்க்களை ஒன்றாகக் கட்டுவது. புதிய ஸ்விட்சின் மெனுவிலும் அப்படித்தான்.

விலேன் 99இல் பொதுத் தொகுப்பு எடுக்கப்பட்டு, பதிவு செய்த மேக் முகவரிகளுக்கு மட்டும் டிஎச்சிபி பதில் தருகிறது. இனி ஒரு கணினி தவறி அங்கே விழுந்தால் முகவரி கிடைக்காமல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிடும். ஃபயர்வாலின் "99இலிருந்து எங்கும்" விதியும் போயிற்று. கன்ட்ரோலர், நேர சர்வர், அப்டேட் ஆகியவற்றுக்கு மட்டும் வழி. உண்மையில் இந்தப் பழுதை மறைத்துவைத்தது அந்தத் தாராளமான விதிதான்.

ஏற்புச் சோதனையில் இணையம் திறப்பது கணக்கில் இல்லை. ஒவ்வொரு விலேனிலும் கிடைத்த முகவரியை எண்ணோடு எழுத வேண்டும். நிலையான முகவரி கொண்ட ஒரு கருவிக்கு அதே விலேனில் மறு கட்டடத்திலிருந்து பிங் போட வேண்டும். புதிய ஸ்விட்சின் நிர்வாக முகவரி எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். மைய ஸ்விட்சில் எல்எல்டிபி இயக்கப்பட்டது. எதிர்முனை தன் பிவிஐடியை அதில் அறிவித்தால் தயாரிப்பு எதுவானாலும் இங்கிருந்தே ஒப்பிடலாம்.

ஆக்சஸ் பாயின்ட் போர்ட்களில் 99 இன்னும் டேக் இல்லாமல்தான் இருக்கிறது. அதையும் டேக்டாக்கலாம் என்ற கருத்து எழுந்தது. தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பிய ஆக்சஸ் பாயின்ட் டேக் இல்லாமல்தான் முகவரி தேடும், ஏணி வைத்து ஏறிக் கழற்ற வேண்டிவரும் என்பதால் விட்டுவைத்தார்கள்.

மற்ற அப்லிங்குகளையும் அதே வாரம் பார்த்தபோது, எடைமேடை அறைக்குப் போகும் லிங்க்கில் ஒரு முனையில் நேட்டிவ் 99, மறுமுனையில் 1 என்று இருந்தது. அங்கே பயன்படுவது டேக்டாகப் போகும் 10, 20 மட்டுமே என்பதால் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது. இரு முனையும் 999க்கு மாற்றப்பட்டன.